தூங்கிக்கொண்டே ஊர் தாண்டிய ஐபேட்

டேப்லெட்டில் வைஃபை விட்டு விட்டு வருகிறது என்று யாராவது சொன்னால் போதும், பக்கத்தில் இருக்கிற நாலு பேரும் டாக்டராகிவிடுவார்கள். ஆஃப் பண்ணி ஆன் பண்ணு. ரவுட்டர் வயரைப் பிடுங்கிப் பத்து எண்ணிவிட்டுச் சொருகு. நெட்வொர்க்கை அழித்துவிட்டு பாஸ்வேர்டை மறுபடி அடி. எதற்கும் மசியவில்லையா, மொத்தத்தையும் ரீசெட் பண்ணு! இதில் வேடிக்கை என்னவென்றால், இந்தக் கை வைத்தியங்களில் ஏதாவது ஒன்று பெரும்பாலும் வேலை செய்துவிடும். ஒரு மணி நேரத்துக்கோ, மறுநாள் காலை வரைக்குமோ. அப்புறம் பழைய குருடி கதவைத் திறடி கதைதான்.

ஏன் சரியானது, ஏன் மறுபடி போனது என்று உட்கார்ந்து யோசிக்கிறவர்கள் குறைவு. அப்படி யோசித்த சிலர் 2010-இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில், நெட்வொர்க்கைக் கவனித்துக்கொள்ளும் பிரிவில் இருந்தார்கள். அவர்கள் கண்டுபிடித்தது கொஞ்சம் தலைகீழான விஷயம். இணைப்பு போய்த் தவிப்பது ஒரு கருவி. தப்பு செய்தது ஜம்மென்று வேலை செய்துகொண்டிருக்கும் இன்னொரு கருவி!

முதலில் கொஞ்சம் முன்கதை. ஐபேட் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது 2010 ஏப்ரல் 3, சனிக்கிழமை. ஆரம்ப விலை 499 டாலர். முதல் நாளிலேயே 3 லட்சத்துக்கு மேல் விற்றதாக ஆப்பிள் அறிவித்தது. அன்று விற்றது வைஃபை மட்டும் உள்ள மாடல். சிம் போடும் 3ஜி மாடல் ஏப்ரல் 30-ஆம் தேதிதான் வந்தது. ஆக, அந்த நாலு வாரமும் வைஃபை இல்லையென்றால் அது வெறும் பளபளப்பான பலகை. பாட்டு கேட்கலாம், ஏற்கெனவே இறக்கி வைத்த புத்தகம் படிக்கலாம், அவ்வளவுதான். கல்லூரிகளோ அதற்குள் கனவு காண ஆரம்பித்துவிட்டன. பென்சில்வேனியாவில் உள்ள சீட்டன் ஹில் பல்கலைக்கழகம் முழுநேர மாணவர்கள் எல்லோருக்கும் ஆளுக்கொரு ஐபேட் என்று, ஐபேட் கடைக்கு வருவதற்கு முன்பே அறிவித்துவிட்டது.

ஒரு வாரத்துக்குள் புகார்கள் கிளம்பின. சிக்னல் காட்டவில்லை, பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்பக் கேட்கிறது, தூங்கி எழுந்தால் பழைய நெட்வொர்க்கையே மறந்துவிடுகிறது என்று ஆளுக்கொரு பக்கம். ஆப்பிளும் ஒரு குறிப்பு வெளியிட்டது. சில ரவுட்டர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசைகளில் ஒலிபரப்பும். இரண்டுக்கும் ஒரே பெயரும் வெவ்வேறு பாதுகாப்பு முறையும் வைத்திருந்தால் ஐபேட் குழம்பலாம், அதனால் தனித்தனிப் பெயர் வையுங்கள், பாதுகாப்பு முறையை ஒன்றாக்குங்கள் என்றது அந்தக் குறிப்பு. இது நியாயமான யோசனை. பிறகு மே மாதம் வந்த இன்னொரு குறிப்பில், திரையின் வெளிச்சம் மிகக் குறைந்த அளவில் இருந்தால் கொஞ்சம் கூட்டிப் பாருங்கள் என்றும் இருந்தது. வெளிச்சத்துக்கும் வைஃபைக்கும் என்ன சம்பந்தம் என்று ஊரே தலையைச் சொறிந்தது. குலதெய்வத்துக்கு முடிந்து வையுங்கள் என்பது ஒன்றுதான் பாக்கி :)

பத்திரிகைகள் தங்கள் பங்குக்கு எல்லாவற்றையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டின. இஸ்ரேல் அந்த ஏப்ரலில் ஐபேடை நாட்டுக்குள் கொண்டுவரவே தடை போட்டு, அதே மாதத்தில் தடையை நீக்கியது. அது ரேடியோ அலைகளின் தர விதி பற்றிய விவகாரம். வாஷிங்டனில் உள்ள ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஐபேட் இணையவே முடியவில்லை. அங்கே வைஃபைக்கு வைத்திருந்த பாதுகாப்பு முறையும் ஐபேடும் ஒத்துப்போகவில்லை. பிரின்ஸ்டன் கதை இந்த இரண்டிலும் சேராது. அங்கே ஐபேட் நன்றாகவே இணைந்தது. இணைந்ததை விட மாட்டேன் என்றதுதான் பிரச்சினை.

இது புரிய வேண்டுமென்றால் டிஎச்சிபி என்கிற ஏற்பாட்டைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். பயப்பட வேண்டாம், ரயில் பயணம் செய்தவர்களுக்கு இது தெரிந்த விஷயம்தான்.

ஒரு நெட்வொர்க்கில் பேச வேண்டுமானால் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் ஐபி முகவரி வேண்டும். அதை நிரந்தரமாக யாருக்கும் பட்டா போட்டுக் கொடுப்பதில்லை. கருவி உள்ளே வந்ததும் "எனக்கு ஒரு முகவரி கொடுங்கள்" என்று கூவும். டிஎச்சிபி சர்வர் தன் கையிருப்பில் இருந்து ஒன்றை எடுத்து, "இந்தா, இத்தனை நேரத்துக்கு இது உன்னுடையது" என்று கொடுக்கும். ரயிலில் டிக்கெட் பரிசோதகர் பெர்த் ஒதுக்குகிற மாதிரி. இன்ன ஊர் வரைக்கும் உனக்கு, அதற்கப்புறம் வேறு ஆளுக்கு. இந்தக் காலக்கெடுவுக்கு நெட்வொர்க் பாஷையில் லீஸ் என்று பெயர், அதாவது குத்தகை.

குத்தகையை நீட்டிக்கலாம். அதற்கும் விதி இருக்கிறது. 1997-இல் வந்த ஆர்எஃப்சி 2131 என்ற ஆவணம் எல்லாவற்றையும் வரையறுத்து வைத்திருக்கிறது. குத்தகை இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். பாதி நேரம், அதாவது ஒரு மணி நேரம் ஆனதும் கருவி தனக்கு முகவரி கொடுத்த சர்வரிடம் நீட்டிப்பு கேட்க வேண்டும். பதில் வராவிட்டால், எட்டில் ஏழு பங்கு, அதாவது 105 நிமிடம் ஆனதும், "யாராவது இருக்கிறீர்களா, இதை நீட்டித்துத் தாருங்கள்" என்று பொதுவாகக் கூவ வேண்டும். அதற்கும் பதிலில்லை, 120 நிமிடமும் முடிந்தது என்றால் அந்த முகவரியை அந்த நொடியே கீழே வைத்துவிட வேண்டும். பேச்சு மூச்சு கூடாது. மறுபடி முதலிலிருந்து கேட்டு வாங்க வேண்டும்.

முதல் ஐபேட், ஓஎஸ் 3.2-ஓடு வந்தது. பிரின்ஸ்டன்காரர்கள் பார்த்தது இதுதான்: சில ஐபேடுகள் முகவரி வாங்குகின்றன. சில தடவை ஒழுங்காக நீட்டிக்கவும் செய்கின்றன. பிறகு எங்கோ ஒரு கட்டத்தில் நீட்டிப்புக் கேட்பதையே நிறுத்திவிடுகின்றன. குத்தகை முடிகிறது. ஐபேட் மட்டும் அதே முகவரியை வைத்துக்கொண்டு ஜாலியாகப் பேசிக்கொண்டிருக்கிறது. திரை பூட்டிக்கொண்டு கருவி தூங்கும் நேரத்தோடு இதற்குத் தொடர்பு இருந்தது.

இப்போது ரயிலுக்கு வரலாம். இறங்க வேண்டிய ஊரில் இறங்காமல் ஓர் ஆசாமி போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குகிறார். பரிசோதகரின் பட்டியலில் அந்த பெர்த் காலி. அடுத்த ஸ்டேஷனில் குடும்பத்தோடு ஏறுகிற ஒருவருக்கு முறைப்படி அதை ஒதுக்கிவிடுகிறார். வந்தவர் கையில் டிக்கெட் இருக்கிறது. படுத்திருப்பவரோ, "நான் சென்ட்ரலிலிருந்து இதே பெர்த்தில்தான் வருகிறேன்" என்கிறார். இரண்டு பேருமே தங்கள் வரையில் உண்மையைத்தான் சொல்கிறார்கள். பெர்த் ஒன்றுதான்.

நெட்வொர்க்கில் இந்தச் சண்டை சத்தமே இல்லாமல் நடக்கும், அதுதான் கொடுமை. ஒரு முகவரிக்குத் தகவல் வந்தால் ரவுட்டர், "இந்த முகவரி யாருடையது?" என்று அறை முழுக்கக் கூவும். சொந்தக்காரன் தன் வன்பொருள் முகவரியைச் சொல்லிப் பதில் கொடுக்கும். இரண்டு கருவிகள் பதில் கொடுத்தால் ரவுட்டர் கடைசியாகக் கேட்ட குரலை நம்பும். கொஞ்ச நேரம் தகவலெல்லாம் இங்கே வரும், கொஞ்ச நேரம் அங்கே போகும். பக்கம் பாதி திறந்து நிற்கும். மெயில் அனுப்பினால் சுற்றிக்கொண்டே இருக்கும். வைஃபை அடையாளத்தில் மட்டும் எல்லாக் கோடும் முழுசாக இருக்கும்! நூலகத்தில் லேப்டாப்போடு உட்கார்ந்து, இரவு பன்னிரண்டு மணிக்குள் அசைன்மென்ட்டை ஏற்ற வேண்டிய ஒரு மாணவியை நினைத்துக்கொள்ளலாம். அவள் எத்தனை முறை ரீஸ்டார்ட் செய்தாலும் பிரயோஜனமில்லை. பிரச்சினை இரண்டு மேசை தள்ளி ஒருவனுடைய பையில் தூங்கிக்கொண்டிருக்கிறது.

சர்வர் கொடுப்பதற்கு முன்னால் ஒரு தடவை சரிபார்க்காதா என்று கேட்கலாம். நல்ல கேள்வி. பார்க்கச் சொல்லி அந்த ஆவணமே சொல்கிறது. ஒரு முகவரியை வேறு ஆளுக்குக் கொடுக்கும் முன் சர்வர் அந்த முகவரியைத் தட்டிப் பார்க்க வேண்டும். வாங்கிக்கொள்கிற கருவியும் தன் பங்குக்கு, "இதை யாராவது வைத்திருக்கிறீர்களா" என்று கேட்க வேண்டும். ஆனால் தூங்குகிற கருவி கதவைத் தட்டினால் எழுந்து வருமா? பதில் இல்லை என்றால் காலி என்றுதானே அர்த்தம். கொடுத்து முடித்த பிறகு அது சோம்பல் முறித்துக்கொண்டு எழுந்து, பழைய முகவரியோடு வந்து நிற்கும்.

இதில் ஒரு ரசமான விஷயம் உண்டு. இப்படி ஒரே முகவரிக்கு இரண்டு பேர் மோதினால் எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படி ஒதுங்குவது என்பதற்கென்றே 2008-இல் ஆர்எஃப்சி 5227 என்று தனியாக ஓர் ஆவணம் வந்தது. எழுதியவர் ஸ்டூவர்ட் செஷயர். வேலை பார்த்த கம்பெனி? ஆப்பிள்! ஒரே கட்டிடத்தில் விதி எழுதுகிறவர் ஒரு மாடியிலும் விதியை மறக்கிற மென்பொருள் இன்னொரு மாடியிலும் இருப்பது பெரிய கம்பெனிகளில் புதிதில்லை போலும்.

ஆப்பிளின் சோதனையில் இது ஏன் மாட்டவில்லை என்பதும் யோசிக்க வேண்டியது. வீட்டில் ஐந்தாறு கருவிகள், ரவுட்டரிடம் ஏறக்குறைய 250 முகவரிகள், குத்தகை பெரும்பாலும் ஒரு நாள். ஓர் ஐபேட் தன் முகவரியை விடாமல் பிடித்துக்கொண்டாலும் அந்த பெர்த்துக்கு வேறு ஆளே வரப்போவதில்லை. ரயிலே காலி. கல்லூரி வளாகம் அப்படியில்லை. வகுப்பு முடிந்து மணி அடித்தால் ஆயிரக்கணக்கில் கருவிகள் ஒரு கட்டிடத்திலிருந்து இன்னொரு கட்டிடத்துக்கு நடந்து போகும். அங்கே குத்தகையைச் சின்னதாக வைத்து, முகவரிகளைச் சுழற்றிச் சுழற்றிக் கொடுத்தால்தான் கட்டுப்படியாகும். தீபாவளிக்கு முந்தின நாள் ரயில் மாதிரி. அப்போது ஒருவர் தூங்கிப் போனாலும் யாரோ ஒருவருக்கு இடம் போகும்.

சரி, இதை எப்படிப் பிடிப்பது? ஐபேடை உற்றுப் பார்த்தால் தெரியாது, அது நன்றாகத்தானே இருக்கிறது! தவிக்கிற லேப்டாப்பைப் பிரித்து மேய்ந்தாலும் தெரியாது. இரண்டு நோட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒன்று, எந்த முகவரி யாருக்கு, எத்தனை மணி வரை என்று டிஎச்சிபி சர்வர் எழுதி வைக்கும் கணக்கு. இன்னொன்று, இந்த நிமிடம் எந்த முகவரியை எந்த வன்பொருள் பயன்படுத்துகிறது என்ற ரவுட்டரின் கணக்கு. முதல் நோட்டில் குத்தகை முடிந்தவன் இரண்டாவது நோட்டில் இன்னும் உயிரோடு இருந்தால், அவன்தான் ஆள். சலிப்பான குமாஸ்தா வேலை. ஆனால் இதைச் செய்யாமல் நூறு ரவுட்டரை மாற்றினாலும் விடை கிடைக்காது. பிரின்ஸ்டன்காரர்கள் தாங்கள் பார்த்ததைப் பொதுவில் எழுதியும் வைத்தார்கள், ஆப்பிளுக்கும் சொன்னார்கள்.

அதோடு, அப்படி மாட்டிய ஐபேடுகளை நெட்வொர்க்குக்குள் வரவிடாமல் தடுத்தார்கள். செய்தி பரவியபோது "பிரின்ஸ்டனில் ஐபேடுக்குத் தடை" என்று ஊதிவிட்டார்கள். ஐபேட் வைத்திருந்த எல்லோரையும் அவர்கள் தடுக்கவில்லை. கையும் களவுமாகப் பிடிபட்டவற்றை மட்டும்தான். இருந்தாலும் 499 டாலர் கொடுத்து வாங்கிய மாணவருக்கு எப்படி இருந்திருக்கும்? அவர் ஒரு தப்பும் செய்யவில்லை. எந்த விதியையும் மீறவில்லை. அவர் கண்ணுக்குப் பொருள் நன்றாக வேலை செய்துகொண்டிருந்தது, பல்கலைக்கழகம் வந்து வெட்டிவிட்டது. அவர் கோபம் நியாயமானது. தடுத்ததும் சரிதான். தடுக்காமல் விட்டால் நஷ்டம் யார் தலையில் விழும் என்றே சொல்ல முடியாது. இன்று நூலகத்தில் ஒருவர், நாளை ஹாஸ்டலில் இன்னொருவர். அவர்களுக்கு யார் மேல் புகார் சொல்வது என்று கூடத் தெரியாது. தெரிந்த ஒருவருக்குத் தெரிந்தே கொடுக்கிற தொந்தரவு, தெரியாத பலருக்குத் தெரியாமல் போகிற தொந்தரவை விட நேர்மையானது.

தற்காலிக வழி ஒன்று இருந்தது. திரையைப் பூட்டும் முன் வைஃபையை அணைத்துவிட வேண்டும். தூங்கும் முன் பெர்த்தைக் காலி செய்கிற மாதிரி. இதை ஒவ்வொரு தடவையும் ஞாபகமாகச் செய்ய மனிதனால் முடியுமா என்பது வேறு விஷயம். 2010 ஜூலை 15-இல் ஆப்பிள் 3.2.1 அப்டேட்டை விட்டது; வைஃபை இணைப்பை மேம்படுத்தியிருக்கிறோம் என்று ஒரே வரி. பின்னாளில் பல ஆண்ட்ராய்டு கருவிகளும் இதே மாதிரி குத்தகை முடிந்த முகவரியைப் பிடித்துத் தொங்கியதை அதே பிரின்ஸ்டன் பிரிவு பதிவு செய்தது. ஆக ஆப்பிளை மட்டும் திட்டவும் வழியில்லை. பேட்டரியைச் சேமிக்கத் தூங்கவும் வேண்டும், நேரத்துக்கு எழுந்து நீட்டிப்பும் கேட்க வேண்டும் என்றால் எந்த டேப்லெட்டுக்கும் கஷ்டம்தான்.

முதலில் சொன்ன கை வைத்தியங்கள் ஏன் வேலை செய்கின்றன என்பது இப்போது விளங்கும். ஆஃப் செய்து ஆன் செய்தால் கருவி முகவரிக் கணக்கை மறுபடி சர்வரிடம் கொண்டு போகிறது. ஐபேடில் வைஃபை பெயருக்குப் பக்கத்தில் தொட்டால் "ரின்யூ லீஸ்" என்று ஒரு பொத்தான் இருக்கும். அதுவும் இதே வேலைதான், மற்றதை எதுவும் கலைக்காமல். முகவரிச் சண்டைதான் காரணம் என்றால் தீரும், இல்லையென்றால் தீராது. அதே பக்கத்தில் ஐபி முகவரி என்ன என்றும் பார்க்கலாம். 169.254 என்று ஆரம்பித்தால், கருவி முகவரி கேட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டு, யாரும் கொடுக்காததால் தானே ஒன்றைச் சூட்டிக்கொண்டது என்று பொருள். அப்போது சிக்னல் முழுசாகத் தெரிந்தாலும் வெளியே போக முடியாது. பாஸ்வேர்டை மாற்றி மாற்றி அடித்துப் புண்ணியமில்லை, முகவரி கொடுக்கிற இடத்தில்தான் கோளாறு.

மற்றபடி இணைப்பு போகும் நேரத்தைக் குறித்து வைப்பது நல்லது. கடிகாரம் பார்த்த மாதிரி ஒரே இடைவெளியில் போனால் குத்தகைப் பக்கம் சந்தேகப்படலாம். சமையல் நேரத்தில் மட்டும் போனால் மைக்ரோவேவ் அடுப்பு, அதுவும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வட்டாரத்தில்தான் குடியிருக்கிறது. ஒரே மூலையில் போனால் சுவர். வீட்டில் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் போனால் டேப்லெட்டைக் குறை சொல்லாமல் மாதக் கட்டணம் கட்டியாயிற்றா என்று பார்க்கவும்.

கல்லூரி வைஃபையில் இப்போது புதிதாக ஒரு தலைவலி சேர்ந்திருக்கிறது, அதுவும் பிரின்ஸ்டன் கதையின் மறுபக்கம் மாதிரி இருக்கும். அன்று பழைய முகவரியை விடாத கருவி. இன்று பெயரையே மாற்றிக்கொண்டு வரும் கருவி. போகிற இடமெல்லாம் ஆளைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதைத் தடுக்க 2019-இல் ஆண்ட்ராய்டு 10, 2020-இல் ஐஓஎஸ் 14 முதல் கருவிகள் உண்மையான வன்பொருள் முகவரிக்குப் பதிலாக ஒவ்வொரு நெட்வொர்க்குக்கும் ஒரு புனைபெயர் காட்டுகின்றன. நல்ல ஏற்பாடுதான். ஆனால் சில ஹாஸ்டல்களில் வன்பொருள் முகவரியைப் பதிவு செய்துதான் இணைப்புக் கொடுக்கிறார்கள், ஆளுக்கு இரண்டு கருவி என்று கணக்கு வேறு. வைஃபை சரியில்லை என்று பக்கத்து அறை டாக்டர் சொன்னபடி நெட்வொர்க் செட்டிங்ஸ் எல்லாவற்றையும் ரீசெட் செய்தால், டேப்லெட் புதுப் புனைபெயரோடு எழுந்து வரும். ஹாஸ்டல் சர்வருக்கு அது முன்பின் தெரியாத மூன்றாவது ஆள். உள்ளே விடாது. மறுபடி ரீசெட் செய்தால் நாலாவது ஆள்! ஐஓஎஸ் 18 முதல் அந்தந்த நெட்வொர்க்கின் பக்கத்தில் "பிரைவேட் வைஃபை அட்ரஸ்" என்று ஒரு வரி இருக்கும். ஹாஸ்டல் நெட்வொர்க்குக்கு மட்டும் அதை "ஃபிக்ஸ்டு" என்று வைத்து, அங்கே காட்டுகிற முகவரியை ஒரு தடவை பதிவு செய்துவிட்டால் போதும். அதற்கப்புறம் ரீசெட் பக்கம் மட்டும் போகாமல் இருக்க வேண்டும்.